கல் பேனா: யாருடைய மூச்சில்?

1

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு முடிவெடுத்தோம். மூத்த கவிஞர் ஒருவருக்கு அறுபது வயது நிறைகிறது. முப்பது வருசத்துக்கு மேலாக நம் சனங்களின் பாடுகளை எழுதிய கை. ஒரு நாள் முழுக்க அவருடைய கவிதைகளை வைத்துப் பேசுவது, மாணவர்கள் கட்டுரை வாசிப்பது, சாயங்காலம் அவரைப் பேச வைப்பது, கடைசியில் ஒரு பேனா கொடுப்பது. சால்வை, ஆளுயர மாலை, வீரவாள் எல்லாம் கட்சிக்காரர்கள் சங்கதி, நமக்கு வேண்டாம். பேனா சரி. இதுவரைக்கும் எனக்கும் முழுச் சம்மதம்.

அப்போது ஒரு தோழர் கைப்பேசியை நீட்டினார். கல்லில் செய்த பேனா. மூடியும் உடம்பும் அகேட் கல். சிவப்பும் தேன் நிறமும் வரிவரியாக ஓடுகிறது. "மெஷின்ல வார்த்த பிளாஸ்டிக் இல்ல தோழர். முழுக்கக் கையால செஞ்சது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அவர மாதிரியே." விலை 9,000 ரூபாய். முப்பது பேர், தலைக்கு 300. நான் பேங்க் கிளார்க் என்பதால் வசூல் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

24 பேர் கொடுத்தார்கள். 7,200 ரூபாய். மீதி வருகிறபோது வரட்டும், நாமே போட்டுக்கொள்வோம் என்று கடைக்குப் போனேன். வெல்வெட் பெட்டியில் கிடந்தது. கையில் வாங்கினேன். கனம், குளிர்ச்சி. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. "இது எந்த ஊர்க் கல்லு?" "குஜராத் சார், கம்பாத் வேலை." "யார் செஞ்சது?" "கைவினைஞர்கள் சார்." "தண்ணி ஊத்தி அறுத்ததா, வறட்டு அறுப்பா?" கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு சார், நிப் ஃபைனா மீடியமா, அதச் சொல்லுங்க."

பணத்தோடு திரும்பி வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் வாங்கவில்லை என்று சொன்னதும் சண்டை. "ஒரு பேனாவுல என்னய்யா அரசியல் இருக்கு?" "நீயும் கவிதை எழுதுற ஆளுதான, ஒரு அழகான பொருளப் பாத்தா ஒண்ணுமே தோணாதா?" "நம்ம ஆளுக்கு ஒரு நல்ல பொருள் குடுக்கணும்னா மட்டும் ஆயிரம் கேள்வி வருது." கடைசியாகச் சொன்னது தைத்தது. வாயால் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் இந்தப் பேனா எப்படி ஆகிறது என்று பார்த்துவிடுவோம். பொருளைத் தெரிந்துகொள்ளாமல் அழகைப் பேசுவது மேட்டுக்குடிப் பழக்கம்.

கனிமங்களின் கடினத்தை ஒப்பிட 1812இல் பிரெடரிக் மோஸ் என்பவர் ஒரு ஏணி போட்டார். மாக்கல் 1, வைரம் 10. நம் விரல் நகம் இரண்டரை. அகேட், சூதுபவளம், படிகம், புலிக்கண் எல்லாம் குவார்ட்ஸ் குடும்பம், ஆறரையிலிருந்து ஏழு. சாதாரணக் கத்தி இதன்மேல் கீறாது. உளி வைத்து அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். உருட்டி வழவழப்பாக்க வேண்டுமென்றால் தன்னைவிடக் கடினமான ஒன்றால் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்தால் கல்லைப் பலகையாக அறுக்கிறார்கள். பலகையைச் சட்டமாக அறுக்கிறார்கள். சட்டத்தின் நடுவே நீளவாக்கில், வைர முனை வைத்த குழாயால் துளை போடுகிறார்கள். பாதித் துளையில் கல் விரிசல் விட்டால் அத்தனை வேலையும் குப்பை. துளைக்குள் பித்தளைக் குழாயை ஒட்டுகிறார்கள். குழாயின் தாங்கல் இல்லாமல் அத்தனை மெல்லிய கல் நிற்காது. பிறகு கடைசல் பட்டறையில் சுழலவிட்டு வைரச் சக்கரத்தால் உருட்டு. பிறகு மெருகு. முதலில் கரகரப்பான தூள், அடுத்து நைசு, அதைவிட நைசு, கடைசியில் சீரியம் ஆக்சைடு என்கிற மாவு. சதுரமாக எடுத்த கல் உருளையாக வேண்டும், உருளையும் உள்ளே கூடாக வேண்டும். தேய்ந்து தூளாய்ப் போனது போக மிஞ்சியதுதான் பேனா.

இதில் அசாத்தியமான திறமை இருக்கிறது. எந்த இடத்தில் வரி ஓடுகிறது, எந்த இடத்தில் உள்விரிசல் இருக்கிறது என்று கல்லைத் தட்டிச் சத்தத்திலேயே சொல்கிற காது வேண்டும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. (கல் பேனா என்று விற்பதில் எல்லாமே கல் என்றும் நினைக்க வேண்டாம். கல்தூளைப் பிசினில் குழைத்து வார்த்த கட்டையைக் கடைந்து கல் என்று தள்ளிவிடுகிற வியாபாரமும் நடக்கிறது.)

ஆனால் இத்தனை பாட்டுக்குப் பிறகும் அந்தக் கல் ஒரு எழுத்துகூட எழுதாது. எழுதுவது நிப்பு. நிப்பின் நுனியில் வைத்த கடினமான உலோகப் பொட்டு. எங்கள் பேங்க் கவுண்டரில் சணல் நூல் கட்டித் தொங்குகிற பால்பாயிண்ட் பேனாவின் நுனிக் குண்டு பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு. மோஸ் ஏணியில் ஒன்பதுக்குப் பக்கம். அகேட்டைவிடக் கடினம். அதை வைத்துத்தான் நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வருகிற அம்மாக்கள் ரப்பர் மையை ஒதுக்கிவிட்டு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுகிறார்கள். யாரும் அதைக் கலைப்பொருள் என்று வெல்வெட்டில் வைக்கவில்லை. யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று நூல் கட்டியிருக்கிறோம்.

இன்னொரு பேங்க் சங்கதி. நகைக் கடனுக்கு வருகிற தோட்டில், மோதிரத்தில் கல் இருந்தால் அப்ரைசர் முதலில் செய்கிற காரியம் கல் எடையைக் கழிப்பது. எத்தனை சிவப்பாக மின்னினாலும் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் கடன். எங்கள் பேரேட்டில் கல்லுக்கு மதிப்பு பூஜ்யம். அப்படியானால் பேனாவில் ஏறிய அந்த 9,000 எங்கேயிருந்து வந்தது? தேய்த்தவன் வேலையிலிருந்து வந்தது. அந்த வேலைக்கு எவ்வளவு போனது என்று மட்டும் பெட்டிக்குள் வைத்த வழவழப்பான சீட்டில் அச்சடிக்கவில்லை.

3

கம்பாத், குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்துப் பழைய துறைமுகம். கல் அங்கே விளைவதில்லை. பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. பில் பழங்குடிச் சனங்கள் குழி தோண்டி எடுத்துவந்த கல். வெயிலில் காயப்போட்டு, சட்டியில் மரத்தூள் மூட்டத்தில் வைத்துச் சுட்டால் கல்லுக்குள் இருக்கிற இரும்பு மாறி, மங்கிய மஞ்சள் சிவப்பாகிறது. சூதுபவளம் என்கிறோமே, அந்தச் சிவப்பு பாதி மண் தந்தது, பாதி நெருப்பு தந்தது.

இது நேற்று வந்த வேலை இல்லை. அதே வளைகுடாப் பக்கம் லோத்தலில் நாலாயிரம் வருசத்துக்கு முந்திய மணிப் பட்டறையை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு மணி நம் கீழடியிலும் கிடைத்திருக்கிறது. கல்லின் ஊர் நம் ஊர் இல்லை, வடமேற்கே குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் என்கிறார்கள் தொல்லியல்காரர்கள்.

அந்தக் காலத்தில் காலால் மிதித்தும் கையால் இழுத்தும் சுற்றியதை இன்றைக்கு மின்மோட்டார் சுற்றுகிறது. சாணைச் சக்கரத்துக்கு வேகம் கூடிவிட்டது. பட்டறை என்றால் தனிக் கட்டடம் இல்லை, பல இடங்களில் வீடுதான். தாழ்வாரத்தில் சக்கரம், உள்ளே அடுப்பு, பக்கத்தில் தூளி. சக்கரத்தில் கல் படும்போது மேலெழும்புகிற புகைக்குப் பெயர் சிலிக்கா.

கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரிய ஆபத்தில்லை. மூக்கு பிடித்துவிடும், தும்மல் தள்ளிவிடும். கொல்லுவது கண்ணுக்குத் தெரியாதது. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அது மூச்சுக்குழாய் தாண்டி நுரையீரலின் கடைசிப் பைவரைக்கும் போய் உட்காரும். உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கும். விழுங்கிய அணு சாகும். செத்த இடத்தில் தழும்பு விழும். கல் துகள் சாகாது. அடுத்த அணு வந்து விழுங்கும். இப்படித் தழும்பு மேல் தழும்பாகி, பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது இறுகிப் போகும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்டு நின்ற பிறகும் வளரும். நின்ற இடத்தில் காசநோய் எளிதாக வந்து ஒட்டும். கம்பாத்தின் கல் தேய்ப்பவர்களிடம் இந்த நோய் இருப்பதை அகமதாபாத்தில் இருக்கிற தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. சக்கரத்தைத் தொடாத வீட்டார், அக்கம்பக்கத்தார் நெஞ்சிலும் அந்தத் தூசி இருப்பதையும் காட்டின.

தோழர் சொன்னாரே, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்று. கல்லின் வரி அப்படித்தான். எக்ஸ்ரே படம் அப்படி இல்லை. கம்பாத்துக்காரன் படமும் நம் குவாரிக்காரன் படமும் ஒன்று மாதிரியே இருக்கும்.

4

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் தாய்மாமன் கல்குவாரியில் வெடிக்குழி போட்டவர். கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போடுகிற வேலை. சாயங்காலம் வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். "மாமா, நீ நரைச்சுப் போயிட்ட" என்று நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார், சிரிப்பு இருமலாகும். பதினொரு வருசம் செய்தார். பிறகு தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. பிறகு பேசினாலே வாங்கியது.

ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் மாத்திரை. ஆறு மாசம் சாப்பிட்டார். மறுபடி ஆறு மாசம். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் சீட்டுப் போடுகிற இடத்தில் பேர் கேட்டார்கள், வயசு கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். ஊரா காலனியா என்றும் ஒருத்தர் கேட்டார். ஆறாவது வருசம் ஒரு சின்னப் பெண், பயிற்சி டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அய்யா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?" அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. அப்புறம் எட்டு மாசம்தான் இருந்தார். சாகும்போது வயசு 43.

அந்த டாக்டர் கேட்டதைத்தான் நான் கடையில் கேட்டேன்.

அதுவும் போகட்டும். கல்லில் செய்த எழுதுகோல் நமக்குப் புதுசா? நம்மில் பலர் கையில் பிடித்த முதல் எழுதுகோலே கல்தான். சிலேட்டுக்குச்சி. கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்து, வெயிலில் ஆட்டிக் காயவைத்து, அந்தக் குச்சியால்தான் அ எழுதினோம். எழுதியது பாதி, தின்றது பாதி.

மத்தியப் பிரதேசத்து மந்த்சோர் அந்தக் குச்சியை அறுத்து நாடெங்கும் அனுப்பிய ஊர். சின்னச் சின்ன மின்ரம்பத்தில் சிலேட்டுக்கல்லை வறட்டு அறுப்பாக அறுத்தார்கள். 1985இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 593 தொழிலாளர்களைச் சோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிலிகோசிஸ். அங்கே முல்தான்புரா என்ற கிராமத்துக்கு விதவைகள் கிராமம் என்றே பேர் வந்துவிட்டது. 1982இல் அந்த மாநில அரசு சிலேட்டுக்குச்சித் தொழிலாளர்களுக்கென்று தனியாக நல நிதிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அரையணாப் பெறாத குச்சி அது. அதற்கு இத்தனை உயிர்.

நம் பாட்டன் பூட்டனுக்கு எழுத்து மறுக்கப்பட்டது என்று பேசுகிறோம். சரிதான். நமக்கு எழுத்து கிடைத்த நாளில் அந்தக் குச்சியை அறுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

5

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். கைவினை.

இந்த வார்த்தை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். கல் உடைத்தால் கூலி. அம்மி கொத்தினால் கொத்து வேலை. பாலத்துக்கு ஜல்லி அடித்தால் கல்லுடைப்பு. அதே கல், அதே கை, அதே தூசி. வாங்குகிறவன் பணக்காரனாக இருந்தால் உடனே கைவினை. உடனே 'பாரம்பரியம்', 'ஆன்மா', 'தியானம்' எல்லாம் வரிசையாக வந்துவிடும். கையைப் புகழ்வது போல ஒரு வார்த்தை. ஆனால் எந்தக் கை? ஒரு பேர் உண்டா? ஒரு ஊர்த் தெரு உண்டா? பேனாவில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, வாங்குகிறவர் கேட்டால் அவர் பேரைக்கூடப் பொறித்துத் தருகிறார்கள். தேய்த்தவன் பேருக்கு மட்டும் இடம் பற்றவில்லை.

இந்தத் தந்திரம் நமக்கு மிகப் பழகிய தந்திரம். நெய்த துணி சாமிக்குச் சாத்தலாம், நெய்தவன் உள்ளே வரக் கூடாது. தைத்த செருப்பைப் போட்டு நடக்கலாம், தைத்தவனைத் தொடக் கூடாது. பறை இல்லாமல் திருவிழா இல்லை, அடித்தவனுக்குச் சிரட்டையில் தண்ணீர். பொருளுக்குத் தீட்டு கிடையாது, கைக்குத்தான் தீட்டு. பொருளை எடுத்துக்கொண்டு கையை வெட்டிவிடுகிற இந்தச் சாதிப் புத்திதான் இன்றைக்கு நாசூக்காகக் கைவினை என்று பேசுகிறது. 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, இங்கே பிரிக்கப்பட்டிருப்பது வேலை மட்டும்தானா, வேலை செய்கிற மனிதர்களா என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். அந்தக் கேள்வி பேனாக் கடை வாசலில் நின்றுபோகாது. சிலையில் அவர் சட்டைப் பையில் குத்தியிருக்கிற பேனாவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பேனா நமக்கு வெறும் பொருள் இல்லை என்பதனால்தான் இத்தனை பேச்சு.

கொடுமணலை நினைத்துப் பாருங்கள். ஈரோட்டுப் பக்கம், நொய்யல் கரை. அகழ்வில் பச்சைக்கல், நீலக்கல், படிகம், அகேட், சூதுபவளம் என்று அறுத்ததும் துளைத்ததும் பாதியில் உடைந்ததுமாக மணிகள் கிடைத்தன. அதே குடியிருப்பில் நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி எழுத்துகளும் கிடைத்தன. பெரும்பாலும் ஆள் பெயர்கள். இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் கல் வேலை நடந்த ஊரில் சோற்றுப் பானையில் பேர் கீறி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எழுதுவதற்கென்றே செய்கிற கல்லில், செய்தவன் பேர் இல்லை. இதற்குப் பேர் பாரம்பரியத் தொடர்ச்சியாம்.

6

எதிர்க்கேள்விகள் மூன்று வந்தன. முதல் கேள்வி: "வாங்காம விட்டா அவன் வயித்துல அடிக்கிற மாதிரி ஆகாதா?" நியாயமான கேள்வி. நான் கல் வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வறட்டு அறுப்பு வேண்டாம் என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் இருக்கிறது.

ரம்பம் கல்லைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசியில் பெரும்பகுதி சேறாகி இறங்கிவிடும். தண்ணீர் ஊற்ற முடியாத இடத்தில் சக்கரத்தின் வாயிலேயே உறிஞ்சுகுழல். மிஞ்சுவதற்குச் சரியான முகக்கவசம்; மூக்கில் கட்டுகிற கைக்குட்டை இல்லை. கம்பாத் சக்கரங்களுக்கென்றே தூசி உறிஞ்சும் அமைப்பை அகமதாபாத் நிறுவனத்தார் வடிவமைத்தும் காட்டிவிட்டார்கள். சொந்தமாகக் கல் பேனா கடைகிற வெளிநாட்டுப் பொழுதுபோக்குக்காரன் தண்ணீர் இல்லாமல் ரம்பத்தைத் தொடமாட்டான். அவனுக்கு அது பாலபாடம்.

இது இன்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் காலி பிரிட்ஜ் ஊர்ப் பக்கம் 1930, 31இல் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். கிட்டத்தட்ட முழுச் சிலிக்காப் பாறை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேலை தாமதமாகும் என்று வறட்டுத் துளை. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பான்மை கறுப்பின மக்கள். அங்கே நிறம், இங்கே சாதி. பாறை இரண்டு பேருக்கும் ஒரே பாறை. ஜெர்மனி 1929இலேயே இதை நட்டஈடு தர வேண்டிய தொழில்நோயாக ஏற்றது. 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் இதற்கென்றே சர்வதேச மாநாடு கூடியது. அன்றைக்கே தெரிந்த விசயத்துக்கு இன்றைக்கும் ஆள் சாகிறான் என்றால் அது விதி இல்லை. யாரோ கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

ஆஸ்திரேலியாவில் சமையலறை மேடைக்குச் சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்தார்கள். சங்கங்கள் போராடின. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். உலகத்திலேயே முதல் தடை. அந்த நாட்டில் ஒரு நுரையீரலுக்கு என்ன மதிப்பு என்று தெரிகிறது. இங்கே? 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிசை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் வைத்தது. ஆனால் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது அந்தச் சட்டம். தாழ்வாரத்தில் நாலு பேர் உட்கார்ந்து தேய்த்தால் அது குடும்பம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்களைக் குறைத்ததா? 20 என்றும் 40 என்றும் ஏற்றியது.

குஜராத்தின் கோத்ரா, பாலாசினோர்ப் பக்கத்துக் குவார்ட்ஸ் அரவை ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து ஆதிவாசிகள் கூலிக்குப் போனார்கள். கல்லை மாவாக்கினார்கள், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு திரும்பினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் நட்டஈடு தரச் சொன்னது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2016 மே 4இல். ஆறு வருசம். மறுபக்கம், ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கையே அறிவித்தது: நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அங்கே குவாரித் தொழிலாளர்களும் அமைப்புகளும் வருசக் கணக்கில் தெருவில் நின்று வாங்கியது அது. ஆக, கேட்டால் கிடைக்கிறது. கேட்காத இடத்தில் மாத்திரை மட்டும் கிடைக்கிறது.

இரண்டாவது கேள்வி: "நம்ம ஒரு பேனா வாங்காததால என்ன மாறிடப் போகுது?" ஒன்றும் மாறாது. ஆனால் முப்பது பேர் முப்பது கடையில் "தண்ணி ஊத்தி அறுத்ததா?" என்று கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். வைரத்துக்கு ரத்தக் கறை உண்டா என்று உலகம் கேட்கக் கற்றுக்கொண்டது. அகேட்டுக்கு ஏன் கேட்கக் கூடாது?

மூன்றாவது, அந்தத் தைத்த கேள்வி: நம் ஆளுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறாய்? நம் ஆள் என்பதனால்தான் தோழர். மற்றவர்கள் வெல்வெட் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார்கள். நம் கவிஞர் அந்தப் பேனாவைத் திறந்து எதை எழுதுவார்? கல்லுடைக்கிறவனைப் பற்றித்தான் எழுதுவார். அவர் விரலுக்கும் தாளுக்கும் நடுவில் இன்னொருத்தன் மூச்சை நாம் ஒளித்து வைக்கலாமா?

7

7,200 ரூபாய் என் மேசை டிராயரில் உறைக்குள் இருக்கிறது. பேர் வாரியாகக் கணக்கும் இருக்கிறது. என்னுடைய 300உம் அதில் சேர்த்தி. கூட்டத்துக்கு முன் நான் வைக்கிற யோசனை இது.

ஒன்று. பேனா கொடுப்போம். ராஜமுந்திரியில் எபொனைட் கட்டையைக் கடைந்து மைப்பேனா செய்கிறார்கள். ரப்பரும் கந்தகமும் சேர்ந்த பொருள், கல் இல்லை. அங்கேயும் பட்டறைத் தூசி எங்கே போகிறது, கூலி என்ன என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைந்தவர் சம்மதித்தால் அவர் பேரை மேடையில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு. கல் பேனா விற்கிறவர்களிடம் நாம் ஒவ்வொருவரும் மூன்றே மூன்று கேட்போம். எங்கே அறுத்தது? தண்ணீர் உண்டா, உறிஞ்சுகுழல் உண்டா? தேய்த்தவர்களுக்கு வருசத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுக்கிறீர்களா? மூன்றுக்கும் பதில் இருக்கிற பேனா என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கு நானே முதல் ஆளாக வாங்குகிறேன். அதுதான் உண்மையான கைவினை.

மூன்று. மிச்சப் பணத்தில் ஒரு நாள் வேன் பிடிப்போம். நம் பக்கத்துக் குவாரிகளில் துளை போடுகிறவர்கள், கிரஷரில் நிற்கிறவர்கள், காசநோய் என்று இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று மாத்திரை தின்கிறவர்கள், இவர்களை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போவோம். மாணவத் தோழர்கள் கூடவே வர வேண்டும். கையில் சாதாரணப் பேனா போதும், கவுண்டர் பேனாவே போதும். ஒவ்வொருவர் சீட்டிலும், பேர், வயசு, ஊருக்குக் கீழே, யாரும் கேட்காவிட்டாலும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், டாக்டர் கண்ணில் படுகிற மாதிரி, கொட்டை எழுத்தில்:

வேலை: கல்குவாரியில் துளை போடுவது. 11 வருசம். தண்ணீர் இல்லாமல்.